நூடுல்ஸ் கடையும் நான் தைத்த நல்ல வார்த்தைகளும்

ஜூன் 10, செவ்வாய்

விடியும்போதே சாரல். ஜாக்கெட் மூணு, பாவாடை ஓரம் ஒண்ணு. டீச்சருக்க சுடிதார் இன்னும் வெட்டவே இல்ல. மெரூன் நூல் தீந்து போச்சு.

நூடுல்ஸ் கடை போட்டு நாலு மாசம். புதுக்கடை சந்தியில எனக்க தையல் கடைக்கு நேர் முன்னால எனக்க வீட்டுக்காரருக்க தள்ளுவண்டி. மழைன்னா தட்டோட எல்லாரும் எனக்க கடை ஷீட்டுக்கு அடியில ஏறி நின்னு தின்னுவாவ. நான் மெஷின்ல குனிஞ்சு இருக்கேன். தையக்காரிக்கும் காது உண்டுன்னு ஒருத்தருக்கும் நினைப்பில்ல.

மலேசியாவுல, பினாங்குல பதினோரு வருஷம் நூடுல்ஸ் வறுத்த மனுஷன். அதே கறுப்பு சாஸ், அதே இனிப்பு, உருளைக்கிழங்கு, கணவாய். தினம் காலையில சட்டி தேய்க்கும்போ என்கிட்ட ஒரே கேள்விதான், நேத்து என்ன சொன்னாவ? நல்லதை மட்டும் சொல்லுவேன். நல்லது ஒண்ணும் காதுல விழல்லன்னா நானே ஒண்ணு தச்சுக் குடுப்பேன்.

இன்னைக்கு உள்ளபடி கேட்டது, இந்த நோட்டுக்கு மட்டும்:
– ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர்: "இது நூடுல்ஸா பாயசமா?" (தட்டுல பாதி மிச்சம்.)
– நர்சிங் படிக்குத பிள்ளை: சூப்பர். இதுக்காகவே பஸ்ஸ விட்டாளாம்.
– மீன் விக்குத அக்கா: கறுப்பு சரி, எரிப்பு எங்க? கொஞ்சம் சாளைக்கறி ஊத்தித் தந்தா என்ன?
– ஆட்டோக்காரன்: ஒண்ணும் சொல்லல்ல. எச்சில் பக்கெட்டுல கொட்டிட்டுப் போனான்.

காலையில அவியளுட்ட சொல்லப் போறது: நர்சிங் பிள்ளை சொன்னது. அதையே மூணு பேரு சொன்னதாட்டு.

ஜூன் 11, புதன்

சாரல். கரண்ட் ரெண்டு தடவை போச்சு.

பினாங்கு முதலாளி போன். பழைய இடம் காலியா இருக்காம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணுமாம். இவிய "பாத்துச் சொல்லுகேன்"னு வச்சாவ. அப்புறம் கணவாய் நறுக்க இருந்தாவ. வழக்கமா ஏதாவது பாடிக்கிட்டே நறுக்குக மனுஷன். இன்னைக்குச் சத்தமே இல்ல.

போகாதீங்கன்னு சொல்ல நாக்கு நுனி வரை வந்துது. சொல்லல்ல. பதினோரு வருஷம் போன்லயே குடும்பம் நடத்தியாச்சு. எனக்குப் போதும் சாமி.

ஜூன் 12, வியாழன்

மழை இல்ல, கூட்டமும் இல்ல. டீச்சர் சுடிதார் முடிஞ்சு. கை இறுக்கமாம், பிரிக்கணும்.

ஹெட்மாஸ்டர் இன்னைக்கும் வந்தாரு, இன்னைக்கும் மிச்சம் வச்சாரு. பிடிக்கல்லன்னா என்னத்துக்கு வாறாரு? கேட்டுட்டேன். வீட்டுல மருமக டயட்டுன்னு கஞ்சி மட்டும் குடுக்காளாம். பாவம்.

ஜூன் 13, வெள்ளி

இன்னைக்குப் பெரிய பிழை ஒண்ணு பண்ணிட்டேன்.

மத்தியானம் வண்டிக்கு எண்ணெய்க் கேன் நிறைச்சுக் குடுக்குதது எனக்க வேலை. அடுக்களையில ஒரே மாதிரி ரெண்டு வெள்ளைக் கேன், ஒண்ணு வண்டிக்குள்ள எண்ணெய், ஒண்ணு வீட்டுத் தேங்காயெண்ணெய். அவசரம். இந்த வீட்டுல எண்ணெய்னு கை நீட்டினா அது தேங்காயெண்ணெய்க்குத்தானே போகும்! அஞ்சரைக்குச் சட்டி காஞ்சப்போ மணம் மெஷின் வரைக்கும் வந்துது. வாளைமீன் பொரிக்குத மணம், நூடுல்ஸ்ல.

ஓடிப் போய்ச் சொல்லலாம்னா வண்டிக்கு முன்னால பத்து பேரு. அவிய முகத்தைப் பாத்தேன். ஒரு நிமிஷம் கரண்டி நின்னுது. பிறகு வறுத்தாவ. அவியளுக்கு ஜலதோஷம், மூக்கு அடைச்சிருக்கும்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

கேட்டது:
– மீன் அக்கா: "இன்னைக்குத்தான் மக்கா வாயில வச்ச மாதிரி இருக்கு." ரெண்டாவது தட்டு.
– ஹெட்மாஸ்டர்: மிச்சம் இல்ல. நம்பவே முடியல்ல.
– நர்சிங் பிள்ளை: "என்னமோ கெட்டுப் போச்சு, பழைய ருசி இல்ல." பாதியில வச்சுட்டா.
ஏழு மணிக்கே எல்லாம் தீந்துது.

ஜூன் 14, சனி

சட்டி தேய்க்கும்போ கேட்டாவ. வழக்கம்போல, எல்லாருக்கும் பிடிச்சிருந்துன்னேன். அவிய என்னைய ரொம்ப நேரம் பாத்தாவ. பாஸ்போர்ட்டை எடுத்து மேசை மேல வச்சாவ.

எண்ணெய் விஷயத்தைச் சொல்லணும். எப்படிச் சொல்ல? இன்னைக்கு வண்டிக்கு லீவாம். நாள் முழுக்க டீச்சர் சுடிதாரையே பிரிச்சுப் பிரிச்சுத் தச்சேன்.

ஜூன் 15, ஞாயிறு

ஆராதனை முடிஞ்சு வந்ததும் அவியளே அடுப்பப் பத்த வச்சாவ. ரெண்டு தட்டு. ஒண்ணு வழக்கமான எண்ணெய், ஒண்ணு தேங்காயெண்ணெய். எனக்கு முன்னால கொண்டு வச்சாவ. அப்போ வெள்ளிக்கிழமையே தெரியும்!

"சட்டி காயும்போதே தெரியும். பதினோரு வருஷம் எண்ணெய்க்கு முன்னால நின்னவன்டி நான்" அப்படின்னாவ. கோபம் இல்ல. அதுதான் பயமா இருந்து.

நான் அழ ஆரம்பிச்சேன். பிறகு அவிய சொன்னதை அப்படியே எழுதி வைக்கேன்:

"நாலு மாசமா நல்லா இருக்குன்னு நீ சொல்லுக. பக்கெட்டைக் கழுவுகது நானாக்கும். அதுல பாதி நூடுல்ஸ் கிடக்கு. எனக்க கையில என்ன பிழைன்னு ஊருல ஒருத்தன் சொல்லமாட்டேங்கான், எனக்க பெண்டாட்டியும் சொல்லமாட்டேங்கா. தெரிஞ்சா திருத்தலாம். தெரியாம எப்படி ஸ்டெல்லா இங்க இருக்கச் சொல்லுக?"

சொன்னா போயிருவியளேன்னு பயந்துதான் சொல்லல்லன்னேன். பிறகு நான் எந்திரிச்சுப் போய் இந்த நோட்டை எடுத்துட்டு வந்தேன். பிப்ரவரியில இருந்து ஆளுக எண்ணம் எழுதின பக்கமெல்லாம் வாசிச்சேன். அவியளப் பத்தி எழுதினதைக் கைவச்சு மறச்சுக்கிட்டேன். பாயசம் வந்த இடத்துல அடக்கப் பாத்தாவ, முடியல்ல, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாவ. ஆட்டோக்காரன் கொட்டினதை ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னாவ.

கடைசியில ரெண்டு தட்டையும் காட்டி, "உனக்கு?"ன்னாவ. நாலு மாசத்துல என்கிட்ட கேட்டதே இல்ல. நானும் ஒரு தட்டு முழுசாத் தின்னதே இல்ல. தின்னேன். ரெண்டும் தித்திக்குன்னேன். எண்ணெய் எதுவானாலும் சீனியில பாதி குறைக்கணும், நல்லமிளகு கூட்டணும்னேன். அவிய அதே நோட்டுல பென்சிலால குறிச்சாவ.

ஆறு மணிக்கு முதலாளிக்குப் போன். வரல்ல, மன்னிக்கணும்னு. நான் அடுக்களைச் சுவர்ல சாஞ்சு நின்னு கேட்டேன்.

ஜூன் 16, திங்கள்

மழை விட்டுது. வண்டியில ரெண்டு கேன், ரெண்டுலயும் பேரு ஒட்டியாச்சு. எது வேணும்னு கேட்டுக் கேட்டு வறுத்தாவ. சாளைக்கறி மட்டும் ஊத்தமாட்டாவளாம். மீன் அக்காகிட்ட அதுக்கு ஒரு சண்டை.

நர்சிங் பிள்ளைக்கு இனிப்பு குறைஞ்சு போச்சாம், முகம் வாடிப் போச்சு. ஹெட்மாஸ்டர்: "பரவாயில்ல. இனிப்பு இன்னும் ஒரு நெல்லளவு கூடி இருக்கு." மத்த நாலு பேரு சொன்னதையும் துண்டுத் துணியில சாக்கட்டியால குறிச்சு வச்சிருக்கேன், நல்லது ரெண்டு, மோசம் ரெண்டு. காலையில சட்டி தேய்க்கும்போ எல்லாம் சொல்லணும்.

எனக்க எண்ணம் அங்கேயே சொல்லியாச்சு, எல்லாருக்கும் கேக்க. "உப்பு கூடிப் போச்சுங்க."