மாமாவுக்கு வரும் அருள்

மஸ்கட், 12.6.2003

அன்புள்ள அம்மாவுக்கு ரோகிணியின் வணக்கம். நான் சுகம். உன் முழங்கால் வலியும் அப்பாவின் இருமலும் குறைந்தனவா?

சாமி கும்பிடில் மலையாண்டி மாமாவுக்கு அருள் வந்து, "ஆவணிக்குள்ள புள்ளைய வரச் சொல்லி அழகுபாண்டிக்குக் கட்டி வையி" என்று சொன்னதாக எழுதியிருந்தாய். ஊரில் எத்தனையோ பையன்கள் இருக்க, சாமிக்கு மாமா மகன் மட்டும் எப்படித் தெரிந்தான்?

அருள் வருமுன் மாமா புஸ் புஸ்ஸென்று மூச்சு விடுவாரே, அதில்தான் எனக்குச் சந்தேகம். அப்படி வேகமாக விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடும். ரத்தம் குறைவாகப் போவதால் தலை சுற்றும், கை மரத்துப் போகும். எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பதறி வருகிறவர்களிடம் அடிக்கடி பார்க்கிறேன். ஆனால் தலை சுற்றினால் கல்யாணம் பேசத் தோன்றுமா?

வெள்ளிக்கிழமை விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து நானே மாமா மாதிரி மூச்சு விட்டுப் பார்த்தேன். உதடு மரத்தது, சாய்ந்துவிட்டேன். பயப்படாதே, மெத்தையில்தான் விழுந்தேன். சாமி எதுவும் வரவில்லை. கிறக்கத்தில் மனசில் கிடப்பதுதான் வாயில் வரும்போல. மாமா மனசில் என்ன கிடக்கிறது என்று உனக்கே தெரியும்.

அடுத்த முறை அவர் கையைப் பிடித்து, மெதுவாக மூச்சு விடச் சொல்லிவிட்டு, சாமி என்ன சொல்கிறது என்று கேள்.

யாராவது இங்கே வந்தால் பருப்புப் பொடி கொடுத்தனுப்பு. டியூட்டிக்கு வேன் வந்துவிட்டது.

உன் மகள்,
ரோகிணி

பி.கு.: கிறக்கத்தில் நான் என்ன பேசினேன் என்று பக்கத்துக் கட்டில் தேனிக்காரியிடம் கேட்டேன். "அம்மா, கதவத் தொறன்னு ரெண்டு தடவ சொன்ன" என்றாள்.