எனக்குக் கிடைத்த நிலம்

ரீவாஸ், நிகராகுவா
மார்ச் 1856

அன்புள்ள டமாரிசுக்கு,

உன் மூட்டுவலி குறைந்ததா? எனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது.

எங்களுடையது அரசாங்கம் அனுப்பாத படை அல்லவா? அதனால் கர்னல், சம்பளத்துக்குப் பதிலாக, இன்னும் கைப்பற்றாத நாட்டையே எங்களுக்குப் பங்கு போட்டுவிட்டார். நில அளவைக்காரனான எனக்கும் ஒரு பங்கு. போன வாரம் எல்லை முளைகளை எடுத்துக்கொண்டு அதை அளக்கப் போனேன். அங்கே ஒரு கொக்கோத் தோப்பும் வீடும் இருந்தன. வீட்டுக்காரி யூசெபியாவிடம் தொப்பியைக் கழற்றி, இது இப்போது என் நிலம் என்று எனக்குத் தெரிந்த ஸ்பானிய மொழியில் தயங்கிச் சொன்னேன்.

"அப்படியா தாத்தா? முளையைக் கொஞ்சம் தள்ளி அடிங்க, அங்க கோழி அடைகாக்குது. போன மாசம் வந்த உங்க ஆளும் இதையேதான் சொன்னான்."

"அவர் எங்கே?"

"அந்தப் புளியமரத்தடியில. ஆறடி கொடுத்தோம். நீங்க குள்ளம், அஞ்சே போதும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், குடிக்கக் கொக்கோவும் கொடுத்தாள்; நீ பயப்படாதே. நான் தவறாகவும் புரிந்துகொண்டிருக்கலாம். ஆனாலும் முளைகளைத் திரும்ப எடுத்துவந்துவிட்டேன்.

பருத்திக் காலுறைகள் அனுப்பு. நீளமாக ஏதாவது எழுது, சமையல் குறிப்பானாலும் சரி.

தபால் கப்பல் புறப்படப் போகிறது. வீட்டை விற்றுவிட்டு இங்கே வா என்று எழுதியிருந்தேனே, விற்காதே. கர்னல் என்னை ஊர் திரும்ப விடுவாரா, தெரியவில்லை. இன்று கேட்கப் போகிறேன்.

உன்
ஆம்புரோஸ்