உதிராத சாம்பல்

மார்ச் 4
சுருட்டுக் கடையில் சேர்ந்து ஒரு வாரம். தலை சுற்றுகிறது. புகையால் அல்ல, பெயர்களால். மேலே சுற்றும் இலை ராப்பர், அதற்குள் இறுக்கிப் பிடிப்பது பைண்டர், நடுவில் ஃபில்லர். இதுவரை சரி. ஆனால் 'பாடி' வேறாம், 'ஸ்ட்ரெங்த்' வேறாம். வாயை நிறைப்பது பாடி, ஆளைக் கிறுகிறுக்க வைப்பது ஸ்ட்ரெங்த் என்கிறார் முதலாளி. ஊதாதவளுக்கு எப்படிப் புரியும்? கரையில் நின்று நீச்சல் கற்கிறேன்.

மார்ச் 6
முதலாளி ஒரு டப்பா நிறைய சாம்பிள் கொடுத்தார். "வீட்ல வச்சுத் தொட்டு, மோந்து பழகுங்கம்மா. யாராவது கேட்டா முழிக்கக் கூடாது." இதய ஆபரேஷன் முடிந்த மனிதர் இருக்கும் வீட்டுக்கு இதையா கொண்டுபோவது? சிகரெட்டாக ஊதித் தள்ளியவர் இவர். இனி ஓர் இழுப்பு இழுத்தாலும் என்னிடம் வராதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன்.

மார்ச் 9
ரிங் கேஜ் என்றால் பருமன். ஓர் அங்குலத்தை அறுபத்து நான்காகப் பிரித்து அளப்பார்களாம். ஏன் அறுபத்து நான்கு? முதலாளிக்கும் தெரியவில்லை.

மார்ச் 11
பால்கனிப் பூந்தொட்டியில் சாம்பல். கட்டைவிரல் நீளம், உருண்டையாக, உதிராமல். சிகரெட் சாம்பல் இப்படி நிற்காது. நறுக்காத முழு இலையை உள்ளே வைத்தால், அதாவது லாங் ஃபில்லராக இருந்தால், இப்படி நிற்கும். நேற்றுத்தான் ஒரு வாடிக்கையாளரிடம் இதைப் பெருமையாக அளந்துவிட்டேன். ஓடிப்போய் டப்பாவைத் திறந்தேன். குறைந்திருக்கிறது.
இவரிடம் கேட்டேன். "நான் தொடல." அவ்வளவுதான். பொய் சொன்னால் காதைத் தடவுவார். தடவவில்லை. அப்போ, தடவாமயே பொய் சொல்லப் பழகிட்டாரா? நான்தானே அந்த எழவைக் கொண்டாந்தேன். இவருக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன செய்வேன்?

மார்ச் 12
நானும் இவரும் பேசவில்லை. மாமியார் கன்னம் வலிக்கிறது என்று சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

மார்ச் 14
தொட்டிக்குப் பின்னால் அணைந்த சுருட்டுத் துண்டு ஒன்று கிடைத்தது. கடைக்கு எடுத்துப் போனேன். வாயில் வைக்கும் முனையை மூடியிருப்பது கேப். அதை வெட்டிவிட்டுத்தான் பிடிக்க வேண்டும். இதில் வெட்டே இல்லை, ஊசி குத்திய ஓட்டைதான். முதலாளி சிரித்தார். "இதுல எப்படிப் புகை வரும்? இழுத்து இழுத்துக் கன்னம் வீங்கியிருக்கும்."
கன்னமா?
வீட்டுக்கு வந்து மாமியாரிடம் கேட்டேன். மறைக்கவில்லை. "துணி மடிச்சு வைக்கப் போனப்போ டப்பாவைப் பாத்தேன். அவன் கண்ல பட்டுடுமோன்னு பயம். தூக்கிப் போடலாம்னா, அவ்வளவு விலையாமே, மனசு வரல. அதான் நானே ஊதித் தீத்துடலாம்னு."
"அவருக்குத் தெரியுமா அத்தை?"
"மொத நாளே பாத்துட்டான். உங்கிட்ட சொல்லாதடான்னு கெஞ்சினேன்."
திட்டுவதா, சிரிப்பதா? நான் முறைத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாரே.

மார்ச் 15
இவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடு. எனக்கே என் மேல நம்பிக்கை இல்ல, உனக்கு எங்கேருந்து வரும்?" என்றார். அழுகை வந்துவிட்டது. மிச்சத்தைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.
மாலையில் பாத்திரம் கழுவும்போது மாமியார் பக்கத்தில் வந்து நின்றார். கூடத்தில் இவர் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.
"எல்லாத்தையுமா குடுத்துட்டே?"