குழம்பு வைக்கிறவர்

மாசி, செவ்வாய்க்கிழமை

என் வீட்டுக்காரர் இன்று லீவு போட்டுவிட்டுப் பாண்டிக்குப் போய் எஃப்.எம்.மில் பேசினார். ‘இந்தக் காலத்து ஆண்கள்’ என்று நிகழ்ச்சி. உப்பளத்தில் கூடை சுமந்தபடியே நாங்கள் போனில் கேட்டோம்.

“காலைல நானே குழம்பு வெச்சிட்டுத்தாங்க மேஸ்திரி வேலைக்குப் போறேன்” என்றார்.

“குடுத்து வெச்சவடி நீ” என்றாள் செல்வி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

ராத்திரி வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும், “எப்படிப் பேசினேன்?” என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

“உப்பு கம்மியா இருக்குது. எங்க வெச்சிருக்க?”

உப்பளத்து மேஸ்திரி! ஜாடி அவர் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. ‘ரேடியோல கேளுங்க’ என்று நாக்கு நுனி வரை வந்தது. எழுந்து போய் எடுத்துக் கொடுத்தேன்.

அதுதான் தூங்கவிடவில்லை.