பத்தொன்பதாவது ஞாயிறு

கோவை
9.6.2024

அத்தைக்கு,

மாரீஸ்வரி வணக்கத்துடன் எழுதுவது. நானும் திரிஷாவும் நலம். போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை, அதனால் கடிதம்.

இவருடைய கம்ப்யூட்டரைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நெட் இழுத்துத் தர கேபிள்காரரிடம் சொல்லியாயிற்று. விவசாயிகளுக்காக இவர் ஞாயிறுதோறும் பேசிய பாட்காஸ்ட் நாற்பத்திரண்டையும் அதில் கேட்கலாம். மகன் போய் மூன்று மாதமாகியும் நீங்கள் அழவில்லை என்று உங்கள் பக்கத்து வீட்டு ஒச்சாண்டி அண்ணன் சொன்னார். எங்கள் கல்யாணத்திலிருந்து நீங்கள் கேட்காத குரல். கேட்டால் ஒருவேளை அழுகை வரும்.

வட்டப் பொத்தானை அமுக்குங்கள். திரையில் திராட்சைக் கொடிப் படத்தை இரண்டு முறை தட்டுங்கள். தலைப்புகள் வரிசையாக வரும். பக்கத்திலுள்ள முக்கோணத்தைத் தட்டினால் பேசுவார். மறுபடி தட்டினால் நிற்கும்.

திரிஷா கணக்கில் நூற்றுக்கு நூறு.

மாரீஸ்வரி


மார்க்கையன்கோட்டை
1.7.2024

மாரீஸ்வரிக்கு சோணையம்மாள் எழுதுவது.

பெட்டி உடையாமல் வந்தது. ஐந்தாம் வகுப்புப் படித்தவளுக்கு வட்டமும் முக்கோணமும் தெரியும். என் பேத்தி நூறு வாங்கியதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன், கேட்காதவர்களுக்கும் சேர்த்து.

முதலில் பேசியதுதான் மேலே நிற்கும் என்று அதைத் தட்டினேன். இருமிக்கொண்டே பேசினான். "அடுத்த ஞாயித்துக்கெழம ஆறு மணிக்கு, சொட்டுநீர்க் குழாய் அடைப்பப் பத்திச் சொல்றேன்" என்றான்.

நேற்று ஞாயிறு. முகம் கழுவி, பெட்டியை முடுக்கிவிட்டு ஆறு மணிக்கு உட்கார்ந்தேன். ஆறரை ஆயிற்று. ஒச்சாண்டி எட்டிப் பார்த்து, "என்ன பெரியம்மா, டிவி வாங்கிட்டீகளாக்கும்?" என்றான். "சத்தம் போடாதடா, ராஜபாண்டி பேசப் போறான்" என்றேன். அவன் கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அழுகை வரவில்லை. எழுந்து போய் உலை வைத்தேன்.

சோணையம்மாள்


கோவை
8.7.2024

அன்புள்ள அத்தைக்கு,

நான்தான் சொல்லாமல் விட்டுவிட்டேன். கடைசியாகப் பேசியதுதான் மேலே நிற்கும். நீங்கள் கேட்டது இவருடைய கடைசிப் பேச்சு. அடியிலிருந்து மேலே வாருங்கள். சாப்பிடாமல் கிடக்காதீர்கள்.

மாரீஸ்வரி


மார்க்கையன்கோட்டை
5.8.2024

மாரீஸ்வரிக்கு,

சாப்பாடு இறங்குகிறது. தூக்கமும் வருகிறது. அதுதான் எனக்கே ஒரு மாதிரியாக இருக்கிறது. யார் வீட்டுப் பிள்ளையோ பேசுவதுபோலத் தினம் ஒன்று கேட்டுவந்தேன்.

பத்தொன்பதாவதில், சின்னமனூர் சுந்தரலிங்கம் என்பவர் பன்னீர் திராட்சைக் கொடியை எந்தக் கணுவில் வெட்டிக் கவாத்து செய்வது என்று கேட்டிருக்கிறார். இவன் சிரித்துவிட்டு, "இதுக்கு நான் பதில் சொன்னா எங்கம்மா என்னைய வெட்டிப்புடுவாக. அவுகளக் கேட்டு அடுத்த வாரம் சொல்றேன்" என்கிறான்.

அடுத்த வாரத்தில் அந்தப் பதில் இல்லை. மிச்சம் இருபத்திரண்டையும் இரண்டு நாளில் கேட்டுவிட்டேன். எதிலும் இல்லை. ஏன் சொல்லாமல் விட்டான்? உனக்குத் தெரிந்தால் எழுது.

சோணையம்மாள்


கோவை
12.8.2024

அன்புள்ள அத்தைக்கு,

எழுத வேண்டாமென்று நினைத்தேன். நீங்களே கேட்டுவிட்டீர்கள்.

அப்படிப் பேசிய இரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை சாயங்காலம், உங்களுக்கு போன் செய்தார். மூன்று முறை. மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. "தோட்டத்துல இருப்பாக" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

தீபாவளி லீவுக்குத் திரிஷாவை அங்கே கூட்டிவரட்டுமா?

மாரீஸ்வரி


மார்க்கையன்கோட்டை
19.8.2024

மாரீஸ்வரிக்கு,

அன்று நான் தோட்டத்தில் இல்லை. போன் என் மடியில் இருந்தது. அவன் பேர் தெரிந்தது. மூன்று தடவையும் மணி ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். என் சொல்லை மீறி உன்னைக் கட்டியவன், நாலாவது தடவையும் கூப்பிடட்டும், எடுக்கலாம் என்றிருந்தேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. எழுதும்போதும் கண்ணில் ஒன்றும் வரவில்லை. இதைப் படித்த பிறகு பிள்ளையைக் கூட்டிவருவதும் வராததும் உன் இஷ்டம். நான் கேட்க மாட்டேன்.

சுந்தரலிங்கத்துக்குப் பதில் இது. கணுவை எண்ணுவதற்கு முன்னால் கொடியை விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும். தடித்து முற்றிய கொடியில் ஐந்தாம் கணுவுக்கு மேலே வெட்டலாம், காய்க்கும். மெலிந்த கொடியில் இரண்டு கணு போதும், கிளைக்கட்டும்.

அவன் பேசிய இடத்தில் இதை நீ பேசிப் போட்டுவிடு. ராஜபாண்டி அம்மாவைக் கேட்டுச் சொன்னதாகச் சொல்.

சோணையம்மாள்