பட்டியலில் ஏழாவது பெயர்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகம். நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும், உன்மேல் எனக்கிருக்கிற கோபத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. போனில் பேசினால் இரண்டு வார்த்தையில் என்னை மடக்கிவிடுவாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் சங்கக் கூட்டம். நம் கட்டடத்தில் இப்போது ஐந்து நாட்டுக்காரர்கள் இருக்கிறார்கள், படியிறங்குவதற்குள் நாலு பாஷை காதில் விழும், எனக்கு ஒன்றும் புரியாது, ஆனாலும் கலகலப்பாக இருக்கிறது. வெளிநாட்டுக்காரர்களுக்கு இனி வீடு விடக்கூடாது, இருப்பவர்களும் மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும் என்று செயலாளர் ஒரு தீர்மானம் வாசித்தார். சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட உரிமையாளர்களில் ஏழாவதாக உன் பெயர். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார் தெரியுமா, எதிர்வீட்டில் வாடகைக்கு இருக்கிற வெளிநாட்டு நர்ஸ். போன மாதம் நான் குளியலறையில் வழுக்கிக் கணுக்கால் பிசகிக் கிடந்தேன், லிஃப்ட் ஓடவில்லை, மூன்று மாடி என்னை முதுகில் சுமந்து இறக்கினவள். நீ பயப்படுவாய் என்று சொல்லாமல் விட்டது என் தப்பு. அவள் என் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழில், “அம்மா, அது உங்க பையன் பேர்தானே?” என்று கேட்டாள். என் மானம் அங்கேயே போயிற்று. எழுந்து, இந்த வீட்டில் குடியிருப்பவள் நான், இதற்கு எனக்குச் சம்மதமில்லை என்றேன். வீடு உங்கள் மகன் பெயரில்தானே இருக்கிறது, உட்காருங்கள் என்று செயலாளர் சிரித்தார்.

மெயிலில் வந்தது, படிக்காமலே சரி என்று அனுப்பிவிட்டேன் என்பாய். படித்துப் போட்டது கேவலமா, படிக்காமல் போட்டது கேவலமா என்று எனக்கே தெரியவில்லை. நீ வெளிநாடு போன புதிதில் உன் முகத்தைப் பார்த்ததும் வீடு இல்லை என்று கதவைச் சாத்தினார்கள் என்று போனில் தேம்பினாயே. முகம் தெரியாத அந்த வீட்டுக்காரனை நான் திட்டாத திட்டில்லை. அதையெல்லாம் இப்போது யாருக்கு அனுப்புவது?

வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்தை வாபஸ் வாங்குவதாகச் செயலாளருக்கு எழுது. எழுதாவிட்டால் அவள் காலி செய்கிற அன்றைக்கே நானும் சாவியைக் கொடுத்துவிட்டு அவளோடு போய்விடுவேன். கேட்டும் விட்டேன். எங்கே போனாலும் உங்களுக்கு ஒரு கட்டில் போடுகிறேன் என்றாள்.

நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல் இருங்கள். வெளியே போகும்போது குழந்தைக்குக் காதை மூடிவிடு. இந்தக் கடிதத்தை மட்டும் என் பேத்திக்குப் படித்துக் காட்டாதே, அவளாவது தன் அப்பாவை நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருக்கட்டும்.

கோபம் ஆறாத,
அம்மா