தடியனின் முன்னங்கால்கள்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் கதவைத் திறந்ததும் கனைக்கிறவன் இன்று கனைக்கவில்லை. முன்னங்கால்களை நீட்டி வைத்து, உடம்பு முழுவதையும் பின்னங்கால்களில் சாய்த்து நிற்கிறான். கூப்பிட்டால் தலை மட்டும் திரும்புகிறது. குளம்பைத் தொட்டேன், சூடு.

"வயசாகுதுல்ல, கால் மரத்துப் போயிருக்கும்" என்கிறார் வீட்டுக்காரர். எதையாவது சொல்லி என்னைச் சமாதானப்படுத்தாவிட்டால் அவருக்குக் காப்பி இறங்காது.

மகளுக்காக வாங்கிய மட்டக்குதிரை. அவள் கல்யாணமாகிப் போய்விட்டாள், இவன் எங்களோடு தங்கிவிட்டான். தின்று தின்று கழுத்து தடித்ததால் தடியன். அதில் எங்களுக்குப் பெருமை வேறு.

மார்ச் 4, புதன்

டாக்டரம்மா வந்தார். வீட்டுக்காரர் அவன் காலடியில் பரப்ப மரத்தூள் வாங்கப் போயிருந்தார், நான்தான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன்.

குளம்புக்குள் ஓர் எலும்பு இருக்கிறதாம். அதைக் குளம்போடு பிடித்து வைத்திருக்கும் சதை வீங்கியிருக்கிறது. "பிடி விட்டுச்சுன்னா எலும்பு சாயும். ரொம்பச் சாஞ்சா அடிப்பாதத்தையே துளைச்சுட்டு வெளிய வந்துரும். அதுக்கப்புறம் நான் செய்யறதுக்கு ஒண்ணுதான் இருக்கும்மா." அந்த ஒன்று என்ன என்று நான் கேட்கவில்லை.

காரணம் சர்க்கரை. நமக்கு வருகிற மாதிரியே இவனுக்கும் இன்சுலின் கோளாறு. நாங்கள் பெருமைப்பட்ட அந்தத் தடித்த கழுத்தே அதன் அடையாளமாம். போதாக்குறைக்கு மூளைக்கடியில் ஒரு சுரப்பி வயதானதில் தாறுமாறாக வேலை செய்கிறது. வெயில் வந்தும் ரோமம் உதிராதது அதனால்தான். தினம் ஒரு மாத்திரை. பச்சைப் புல், தவிடு, கேரட் எதுவும் கூடாது. காய்ந்த புல்லை மட்டும் தண்ணீரில் ஊறவைத்து, சர்க்கரை கரைந்ததும் பிழிந்து போட வேண்டும். தாகம் அதிகமாக இருக்கும், அது இந்த நோயின் குணம் என்றார்.

வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன்: "புல்லை ஊறப் போட்டுத்தான் கொடுக்கணுமாம். அது உங்க வேலை, மாத்திரை என் வேலை."

மார்ச் 9, திங்கள்

கணுக்காலுக்குக் கீழே விரல் வைத்தால் நாடி தடதடவென்று அடிக்கிறது. நல்ல குதிரைக்கு அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டுமாம். இவனுக்குத் தேடவே வேண்டாம்.

மார்ச் 12, வியாழன்

தண்ணீர் மட்டும் மடக் மடக்கென்று குடிக்கிறான். அதுவாவது இறங்குகிறதே.

மார்ச் 16, திங்கள்

மாத்திரை தவறவில்லை. புல் ஊறித்தான் வருகிறது. மரத்தூள் மெத்தை போல் கிடக்கிறது. பிறகு ஏன்? ஏன் இன்னும் சூடு?

யாரோ ஏதோ கொடுக்கிறார்கள்.

மார்ச் 20, வெள்ளி

வேலிக்கு அந்தப் பக்கத்து அக்காவிடம் கத்திவிட்டேன். முன்பெல்லாம் வேலி மேலே சாய்ந்து அவனுக்கு ஆப்பிள் ஊட்டியவர் அவர்தானே! "பாசத்தைக் காட்டி அவனைக் கொன்னுறாதீங்க" என்றேன். அவர் முகம் சுண்டிப் போயிற்று. "நீ வேணாம்னு சொன்னதுக்கப்புறம் பச்சைத் தண்ணி கூடக் கொடுக்கலைம்மா. நம்பலைன்னா போ" என்று உள்ளே போய்விட்டார்.

போகட்டும். யார் முகம் சுண்டினால் எனக்கென்ன!

மார்ச் 27, வெள்ளி

இரண்டாவது எக்ஸ்ரே. முதல் நாள் எடுத்த படத்தைவிட எலும்பு இன்னும் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது.

டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அடுத்த படம் வரைக்கும் பார்க்கலாம். அதுல இதைவிடச் சாஞ்சிருந்தா, அவனை நிக்க வைக்கிறது நமக்காகத்தான் இருக்கும், அவனுக்காக இல்ல" என்றார்.

வீட்டுக்காரர் சாப்பிடாமல் படுத்துவிட்டார். நான் சாப்பிட்டேன். சாப்பிட்டேனே, அதுவும் கோபம்தான்.

மார்ச் 29, ஞாயிறு

எழுதியே ஆக வேண்டும்.

அவன் குடிக்கும் தொட்டியைப் பார்த்தேன். தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. பாசியோ என்று கிட்டே போனால், வீட்டுக்காரர் புல் ஊறிய வாளியை இரண்டு கையாலும் தூக்கி வந்து, ஒரு சொட்டு சிந்தாமல் அதில் ஊற்றுகிறார்!

"என்னங்க பண்றீங்க?"

"புல் ஊறுன தண்ணிதானே. நல்ல சத்தா இருக்கும். அவனும் ஆசையாக் குடிக்கிறான்."

ஐயோ! அந்தச் சர்க்கரையைக் கழிக்கத்தானே ஊறவே வைக்கிறோம்! புல்லிலிருந்து இறக்கி, கரைத்து, கரண்டி போட்டு ஊட்டாத குறையாக அவன் வாயிலேயே விட்டிருக்கிறோம். டாக்டரம்மா சொன்ன நாள் முதல்!

குடிநீர் வாரியத்தில் குழாய்க் கசிவு பார்த்தே காலம் தள்ளிய மனுஷன். பக்கத்துத் தெருவில் குழாய் சொட்டினால் கூட எழுந்து போய் மூடிவிட்டு வருவார். அவர் கையால் ஒரு வாளித் தண்ணீர் சாக்கடைக்குப் போகுமா? நான்தான் யோசித்திருக்க வேண்டும். ஊறப் போடச் சொன்னேனே, ஏன் என்று சொன்னேனா? இல்லை. ஆனாலும் கத்தினேன், வாய்க்கு வந்தபடி கத்தினேன். "அவன் செத்தா உங்களாலதான்" என்றேன்.

அவர் தடியன் பக்கத்தில் மரத்தூளில் போய் உட்கார்ந்துகொண்டார். போய்க் கூப்பிடத் தோன்றியது. போகவில்லை.

மார்ச் 30, திங்கள்

டாக்டரம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். திட்டவில்லை. "தொட்டியை நல்லாக் கழுவி வெறும் தண்ணி வையுங்க. தாமதமா இல்லையான்னு படத்துலதான் தெரியும்" என்றார்.

வேலிக்கு அந்தப் பக்கமும் போனேன். அக்கா கேட்டுவிட்டு, "உன் வாய்க்கு முதல்ல ஒரு கடிவாளம் வாங்கும்மா" என்றார். பிறகு உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார். அழுதேன்.

ஏப்ரல் 2, வியாழன்

சூடு.

ஏப்ரல் 5, ஞாயிறு

சூடு. குறைந்திருக்கிறதோ? இல்லை, என் கையே சூடாக இருப்பதால் அப்படித் தெரிகிறதோ? அவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட மாட்டேன் என்கிறார், பயம். வாளியைச் சாக்கடையில் கவிழ்க்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், பாவம்.

ஏப்ரல் 10, வெள்ளி

நாடியைத் தேட வேண்டியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் போய்விடுமோ என்று.

ஏப்ரல் 17, வெள்ளி

மூன்றாவது படம். டாக்டரம்மா பழைய படத்தை எடுத்து இதன் மேல் வைத்துப் பார்த்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"நின்னுருச்சும்மா. அதுக்கு மேல சாயல."

குணமாகிவிட்டதா என்றால் இல்லை. மாத்திரை ஆயுசுக்கும், புல் ஊறுவதும் ஆயுசுக்கும். இவன் அந்தக் கால்களை நம்பி ஊன்றினால்தான் பிழைத்தான் என்று அர்த்தமாம். இன்னும் பின்னால்தான் சாய்ந்து நிற்கிறான்.

மே 2, சனி

ரோமம் கொத்துக் கொத்தாக உதிர்கிறது. தோள் பக்கம் நின்று தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. அதை விரட்ட ஒரு முன்னங்காலைத் தூக்கப் போனவன், அதற்கு முன் மற்றதை நேராக என் பாதத்தின் மேல் வைத்து ஊன்றிவிட்டான்.

"ஐயோ அம்மா!"

வீட்டுக்காரர் ஓடி வந்தார். "தள்ளுடா தடியா, தள்ளு!"

"தள்ளாதீங்க!" என்று அவர் கையைப் பிடித்தேன். "எந்தக் கால்னு பாருங்க!"

பார்த்தார். தூக்கிய காலை இவன் இன்னும் இறக்கவில்லை. முன்பாரம் அத்தனையும் அந்த ஒற்றைக் குளம்பில், அதாவது என் கட்டைவிரலில். வலியில் எனக்குக் கண்ணீர் கொட்டியது. அவருக்கு ஏன் கொட்டியது என்று நான் கேட்கவில்லை.

நகம் கறுத்துவிட்டது, செருப்பு நுழையவில்லை. இந்த வீட்டில் இப்போது நொண்டுவது நான் மட்டும்தான்.